அலமாரியைத் திறந்துவிட்ட நைனாவுக்கு

என் அருமை நைனா,

நம் பள்ளிக்கூடத்துக்கு லைப்ரரி அறை வந்துவிட்டது. இரண்டு ஜன்னல், நீளமான பெஞ்சுகள். ஒரு சுவரில் தமிழ்ப் புத்தகங்கள், எதிர்ச் சுவரில் தெலுங்கு. போன திங்கட்கிழமைதான் திறந்தார்கள். உன்னிடம் சொல்லாமல் எனக்கு எப்படி இருப்புக்கொள்ளும்?

நீ அந்தப் பள்ளியின் பியூன். உனக்கு ஓர் எழுத்தும் படிக்க வராது. அப்போது லைப்ரரி என்றால் தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடந்த ஒரு கண்ணாடி அலமாரிதான். ஆறாம் வகுப்பில் இருந்த நான் வெளியே நின்று அட்டைகளைப் பார்த்ததோடு சரி.

ஒரு நாள் தூசு தட்ட அதைத் திறந்தாய். அடித்தட்டு முழுக்கக் கரையான். மண்ணாகிப்போன காகிதத்தை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் போய் நின்றாய்.

"பசங்க கைல குடுத்திருந்தா இது தப்பிச்சிருக்கும் சார்."

"தொலைஞ்சா ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு யாருப்பா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"எழுதவே தெரியாது உனக்கு. யாரு எதை எடுத்தாங்கன்னு எப்படி ஞாபகம் வெப்பே?"

"பசங்கள எனக்குத் தெரியும் சார். புக்கு எங்க போயிடும்?"

அவர் அரைமனதாகச் சம்மதித்தார். மறுநாளே புத்தகங்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தன. அட்டையின் நிறம், கிழிந்த மூலை, மைக்கறை இவைதான் உனக்கு அடையாளம். யார் வீட்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாய்.

சில மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். அலமாரி பாதிக்கு மேல் காலி. "இவன்தாங்க" என்று தலைமையாசிரியர் உன்னைக் கை காட்டினார். நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் வேலை போனால் நம் கதி என்ன?

இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்து ஒரு கதைப் புத்தகத்தின் பெயரைப் படித்தார்.

"செவப்பு அட்டைதானுங்களே? கே.ஜி.கண்டிகைல ரத்தினம்னு ஒரு பொண்ணு, அது ஊட்ல கீதுங்க."

"நீ சொன்னா நான் நம்பணுமா?"

"நம்ப வாணாங்க. வாங்க, காட்றேன்."

அவர் நிஜமாகவே சரி என்றுவிட்டார்! பள்ளி விட்டதும் அவரை மாட்டு வண்டியில் கூட்டிப் போனாய். அங்கே நடந்ததை ரத்தினம் பிறகு சொன்னாள். அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்க, இவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாளாம். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கேட்டதும் அந்த அம்மா தலைகூட நிமிரவில்லை.

"இன்னும் ரெண்டு பக்கந்தாங்க பாக்கி. கொழந்த படிச்சிகினு கீது இல்ல? முடிச்சதும் எடுத்துகினு போங்க."

அவர் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் கேட்டார். புத்தகத்தை வாங்காமலே திரும்பி வந்தார். 'இப்பள்ளியின் புத்தகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன' என்று பார்வையாளர் நோட்டில் எழுதினார். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பூட்டிக் கிடந்த அலமாரிகளையும் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ காய்ச்சலில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போது நான் அதே பள்ளியில் டீச்சர். புது அறையும் என் பொறுப்புதான். ஒன்று மட்டும் புரியவில்லை நைனா. நான் எழுத்துச் சொல்லித்தர வரும்போதெல்லாம் "அப்பறம் பாத்துக்கலாம்" என்று சிரிப்பாயே. ஆசை இல்லையா, மகளிடம் கற்கக் கூச்சமா? இனி யாரிடம் கேட்பேன்?

திறப்பு விழாவில் பேசியவர்கள் யாருக்கும் உன்னைத் தெரியவில்லை. கடைசியில் நானே எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். குரல் நடுங்கவே இல்லை. பெரியவர்கள்கூட எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அறுவடை வந்தால் திருவாலங்காட்டுப் பக்கம் பல பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மூட்டை புத்தகம் கட்டிக்கொண்டு நெல் அடிக்கும் களத்துக்கே போகப் போகிறேன். எந்த ஆபீசர் அனுப்பினார் என்று கேட்டால், எங்க நைனா என்று சொல்வேன்.

பியூன் மகள் என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும்
உன் மூத்த பெண்,
வள்ளி