சிவப்பு மையில் ஒரு திருத்தம்

கண்ணு, சாப்பாடு ஹாட்பாக்ஸில். வெறும் வயிற்றோடு இன்டர்வியூவுக்குக் கிளம்பாதே.

ஃப்ரிட்ஜில் அப்பா மாட்டின வெள்ளைப் பலகையில் ராத்திரி நீ ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று எழுதிவிட்டுப் படுத்தாய். காலையில் அந்த ‘இன்ட்ரஸ்டிங்’ அடிக்கப்பட்டு, மேலே சிவப்பில் ‘இன்ட்ரஸ்டட்’ இருக்கிறது. ஆர்வம் நமக்கு வந்தால் ‘டட்’, நம்மால் அடுத்தவருக்கு வந்தால் ‘டிங்’ என்று அப்பா தொண்டை கிழியக் கத்துவாரே, அதே திருத்தம். கடைசி ‘டி’ எழுத்துக்கு அவர் போடும் அதே சுழி.

நான் தொடவில்லை. வீட்டில் நீயும் நானும்தான். அவர் போய் வருஷம் ஆகப்போகிறது.

பலகையைக் கழற்றச் சொல்லி நேற்று உன்னிடம் கத்தினேன். இனி சொல்ல மாட்டேன். இன்டர்வியூவில் திருத்தினபடியே சொல்லு.

பி.கு.: திருத்தினது நீதான் என்றால், எனக்குச் சொல்லிவிடாதே.

அம்மா