ஃபேன் காற்றுக்குப் போன பூசை

ராயபுரம்
மே 12

அன்பு மகன் அலெக்ஸாண்டருக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் பெண்டாட்டி மெர்லின் மூவரும் ஆண்டவர் தயவில் மூச்சோடு இருக்கிறோம், நீ அங்கே குவைத்தில் ஏசி காற்றில் சளி பிடிக்காமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் டியூட்டி என்று பாதியில் வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து அங்கே புறப்படுகிற ஜார்ஜ் கையில் கருவாட்டோடு கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

நீ அனுப்பிய சிக்கன வீடியோவைப் பார்த்தோம். அந்த அம்மாள் பட்டுப் புடவையில் உட்கார்ந்துகொண்டு, கடன் தீர வேண்டுமானால் வெளியில் காபி குடிப்பதை நிறுத்துங்கள் என்கிறாள். நாங்கள் வீட்டிலேயே நிறுத்தி ஒரு வருடமாகிறது என்று யாராவது அவளுக்குச் சொன்னால் நல்லது. மெர்லின் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு நடந்தே போகிறாள், அப்பா பீடியை விட்டுவிட்டு அந்தக் கோபத்தை என்மேல் காட்டுகிறார், ரேஷன் அரிசியில் இட்லி பூப்போல வருகிறது என்று நான் கூசாமல் பொய் சொல்கிறேன். எல்லாம் உன் கல்யாணக் கடனுக்காக. எழுநூறு பேருக்குப் பிரியாணி, மூன்றடுக்குக் கேக், தலைக்குமேல் பறக்கிற கேமரா. அது ஒரு சுற்றுச் சுற்றி நம் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தைத்தான் தெளிவாகப் படம் பிடித்தது. அந்தப் பவுசுக்காக அப்பா வீட்டுப் பத்திரத்தை வட்டிக்கு விடுகிற வேலப்பனிடம் அடகு வைத்தார். மூன்று வருடமாக வட்டியும் முதலுமாகக் கட்டி இப்போது நாற்பதாயிரம்தான் பாக்கி. முப்பதாம் தேதி தாண்டினால் வீட்டை வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிடுவேன் என்று வேலப்பன் வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அதை உன்னிடம் சொன்னபோது இந்த மாதம் முழுசாக அனுப்புகிறேன் என்றாய். நானும் நம்பினேன்.

கரண்ட் விஷயம் உனக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு இருநூறு யூனிட்டைத் தாண்டக்கூடாது என்று காலையில் எழுந்ததும் முதலில் மீட்டரைத்தான் பார்க்கிறேன். சாயங்காலம் வீட்டில் ஃபேன் போடுவதில்லை. கோயிலில் சாவியும் விளக்கும் பார்த்துக்கொள்கிற உபதேசியார் ஐந்து மணிக்கே ஃபேனைப் போட்டுவிடுகிறார், எனவே மூன்று பேரும் ஜெபமாலை, பூசை, எல்லாவற்றுக்கும் போய் நடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, அவர் வந்து சாவிக்கொத்தை ஆட்டும்வரை எழுந்திருக்கமாட்டோம். இதைப் பார்த்த புது ஃபாதர் பிரசங்கத்தில் சைமன் குடும்பத்தைப் பாருங்கள், வாரநாளிலும் தவறாமல் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். நான் தரையைப் பார்த்தேன், மெர்லின் முக்காட்டுக்குள் சிரித்தாள். உன் அத்தை சிலுவையம்மாள் வெளியே வந்ததும், அண்ணி, உங்களுக்கு இன்னா கொறச்சல், புள்ள குவைத்துல கீறான், ஆண்டவரும் உங்க பக்கம் கீறாரு என்றாள். அவள் வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது, அவளுக்குப் பூசை ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஃபாதர் உனக்கும் போன் போட்டு எங்கள் பக்தியைப் பற்றிச் சொல்ல, நீயும் குளிர்ந்துபோய்த் திருநாளுக்குத் தேர் அலங்காரம் முழுவதும் எங்கள் உபயம் என்று நாற்பதாயிரத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். எந்த நாற்பதாயிரம், ராஜா? நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. திரு. சைமன் குடும்பத்தார், குவைத் என்று போட்டிருக்கிறது. உன் அப்பா எண்ணூரைத் தாண்டிப் போனதே நாலு தரம்தான். மனிதர் அதை டீக்கடையில் போய்க் காட்டி, நம்ம பேரு நோட்டீஸ்ல வந்துகீது பாத்தியா என்று ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தியிருக்கிறார். வாங்கிக் குடிக்கக் காசில்லாத டீக்கடையில்.

நான் நேராக ஃபாதரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சாமி, நாங்க ஃபேன் காத்துக்குத்தான் வந்துகினு இருக்கோம், எம்புள்ள சொன்ன காசு எங்க வூட்டுக் காசு என்றேன். அதற்கு அவர், என் அறையும் கொதிக்கும் அம்மா, மத்தியானத்தில் நானும் அந்த நடு ஃபேனுக்குக் கீழேதான் போய்ப் படுப்பேன் என்றார். மறுநாளே நோட்டீசில் நம் பெயர்மேல் வேறு பெயரை ஒட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. கோயிலுக்கும் வருவதில்லை. வேறு பேர் ஒட்டாத அந்தப் பழைய நோட்டீசை நாலாக மடித்து விசிறிக்கொண்டு இருட்டில் குந்தியிருக்கிறார். எனக்கு அதைப் பார்த்தால் ஆத்திரமாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. அவர் மானத்தை நான்தான் வாங்கிவிட்டேன், தெரியும். அவர் பெயர் எழுதிய இன்னொரு காகிதம் வேலப்பன் பீரோவில் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டால் அந்த நோட்டீசை நானே வாங்கி அடுப்பில் போடுவேன். உனக்குப் பக்தி பொங்கினால் அங்கேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

பணத்தை என் கணக்குக்கு அனுப்பு, அப்பா கணக்குக்கு அல்ல, அவர் ஃபாதரிடம் ஓடினாலும் ஓடுவார். கருவாட்டை அறையில் இருப்பவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு. மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும். முப்பதாம் தேதியை மறந்துவிடாதே. அன்று ராத்திரி யூனிட் எவ்வளவு ஓடினாலும் சரி, உன் அப்பாவுக்கு ஃபேன் போடப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிலோமினா சைமன்