இரண்டாம் முறை சீவிய மெழுகுக்கட்டி

அக்கா,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பசியில்லை என்று சாக்குச் சொல்லாதே. குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார். வாசல் மணியை அடித்தால் போதும், போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்கதவுச் சாவி செருப்பு ஸ்டாண்டில்.

நேற்று, "உன் லேப்தானே, ரிசல்ட் கேட்க வாய் வலிக்குதா?" என்று கத்தினாய். நான் தட்டைக் கழுவப் போனேன். உன் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, ஸ்லைடுக்குச் சீவியதே நான்தான். எங்களுக்குப் பெயர் வராது, நம்பர்தான். உன் நம்பர் எனக்கு மனப்பாடம். நேற்று ஸ்லைடு பார்க்கும் லேப் டாக்டர் உன்னுடையதை மட்டும் தனியே எடுத்து வைத்து, "இன்னும் ஆழமா சீவிக் குடும்மா" என்றார். சந்தேகமில்லாமல் அப்படிக் கேட்க மாட்டார். அதே மெழுகுக்கட்டியை மறுபடி சீவிக் கொடுத்தேன். இன்று பார்ப்பார்.

இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

உனக்கு மாதவிடாய் நின்று மூன்று வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டபோது, "அக்கா ரெண்டாவது தடவை வயசுக்கு வந்துட்டா!" என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். சிரிப்பிலேயே ஐந்து மாசம் போய்விட்டது.

பி.கு. எதுவானாலும் சாயங்காலம் நானே வந்து சொல்வேன்.

இன்னொன்று. நல்ல ரிசல்ட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள், பேப்பர்தான் வரும். உன் போனைத் தேடாதே. என் பையில் இருக்கிறது.