அலமாரி மேல் மணி

12-8-1997, செவ்வாய்

இன்றும் அந்தப் போர்த் தொடரைப் பார்த்தேன். கூடாரத்துக்குள் ஒரு நர்ஸ், கால் போன சிப்பாயின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். விளம்பரம் வந்தும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

நடுவே பெரியவர் மணி அடித்தார். படுத்த படுக்கையாக இருப்பவர். அவர் குரல் கூடம்வரை எட்டாது என்று மருமகள் பழைய பூஜை மணியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். விஜயநகரில் இந்த வீட்டுக்கு நான் வந்ததே அவரைப் பார்த்துக்கொள்ளத்தான். மகனும் மருமகளும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

இரண்டாவது முறை அடித்தபோது டிவி சத்தத்தைக் கூட்டினேன். மூன்றாவது முறை எழுந்து போனேன்.

"சின்னக் குழந்தையா நீங்க? அரை மணி நேரம் பொறுக்க முடியாதா?"

மணியை அவர் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

தொடர் முடிந்து அவர் அறைக்குப் போனபோது படுக்கை நனைந்திருந்தது. துணியை மாற்றினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கண் சிவந்திருந்தது தெரிந்திருக்கும்.

"அழாதீங்க சிஸ்டர். என்னாலதானே? இனிமே மணி அடிக்க மாட்டேன்."

அவரால் இல்லை என்று நான் சொல்லவில்லை.

மணி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது.