எஞ்சினுக்குப் பக்கத்து சீட்

என் நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அம்மா நலம். உன் தண்ணி லாரியை இப்போது வேறொருவர் தி. நகர் ஹோட்டல்களுக்கு ஓட்டுகிறார். தெருவில் லாரி ஹாரன் கேட்டால் அம்மா இன்னும் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

என் வேலை என்னவென்று ஒரு நாள் கேட்டாயே, நினைவிருக்கிறதா? ராணுவத்துக்குப் பெரிய துப்பாக்கி ஒன்று வடிவமைக்கிறோம், ஆளைச் சுட அல்ல, தூரத்திலிருந்தே வண்டியின் எஞ்சினை உடைத்து நிறுத்த என்றேன். நீ சிரித்தாய். “இன்னாம்மா, டிரைவரு எறங்கி டீ குடிக்கப் போற வரிக்கும் வெயிட் பண்ணிக்கினு இருப்பீங்களா?”

நான் பேச்சை மாற்றினேன்.

போன வாரம் சோதனை. இலக்கு ஒரு பழைய லாரி, உன் வண்டி மாதிரியே. இரண்டாவது குண்டில் எஞ்சின் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நான் கேபினில் ஏறிப் பார்த்தேன். எஞ்சின் மூடியைக் கிழித்துக்கொண்டு வந்த இரும்புச் சில்லுகள் டிரைவர் சீட்டில் குத்தி நின்றன. எஞ்சின் சூட்டில் கறுத்துப்போன உன் இடது கால் இருக்குமே, அந்த இடத்தில்.

அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதினேன். குழுத் தலைவர் எடுத்துவிடச் சொன்னார். “எஞ்சின் நின்னுச்சில்ல? அவ்ளோதான் கேட்டிருக்காங்க. சீட்டைப் பத்தி யாரும்மா கேட்டா?”

மீட்டிங்கில் வாய் திறக்காதவள் நான், அன்று திறந்தேன். “சார், அங்க ஆள் உக்காந்திருப்பாங்க. எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு சாண்கூட இருக்காது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

நைனா, நீ என்னை மன்னிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம், அப்பா டிரான்ஸ்போர்ட் பிசினஸ் என்று சொல்லியிருந்தேன். நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள், உன் வேலையைச் சொல்லக் கூசினேன்.

“எங்கப்பா தண்ணி லாரி டிரைவர் சார்.”

அவர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். “சரி, அளந்து எழுது” என்றார்.

அளந்து எழுதினேன். மேலிடத்தில் படிப்பவர்கள் அந்த வரியை என்ன செய்வார்களோ, தெரியவில்லை. எல்லையில் நிற்பவர்களுக்கு இந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதும் புரிகிறது. அவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள். நான் செய்வது சரியா, நைனா?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இந்த வேலையில் இருக்கும்வரை, ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கேபினில் ஏறிப் பார்ப்பேன். பார்த்ததை எழுதுவேன்.

தண்ணி லாரி டிரைவரின் மூத்த மகள்,
செல்வி