கினைஃப் பாப்பா

ஜூன் 9

அடி சின்னவளே,

நலமா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகத்தில் படம் போடுகிறாய், அக்காவுக்கு நாலு வரி எழுதக் கை வரவில்லை. போகட்டும், உன் அக்கா மகள் கதையைக் கேள். பேங்க் என்றால் ஆற்றங்கரை என்றும் அர்த்தம் உண்டு என்று டீச்சர் சொன்னாராம். இவள் வீட்டுக்கு வந்து, பேங்கில் வேலை பார்க்கிற அப்பா ஆற்றில் முழங்கால் தண்ணீரில் மேஜை போட்டு, டை கட்டி வேலை பார்ப்பது போல வரைந்து வைத்தாள். நைஃப் என்பதைக் கினைஃப் என்கிறாள். "முன்னாடி கே நிக்குதே, அதை யாரு முழுங்கினா?" என்று என்னையே மடக்குகிறாள். சிரித்து மாளவில்லை.

ஆனால் எட்டு வயதாகியும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்கிறாள். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். முன்பல் விழுந்த போட்டோ இணைத்திருக்கிறேன்.

உன் அக்கா

ஜூலை 2

அக்கா,

கோபிக்காதே. உன் கடிதத்தைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாலு இன்னும் என்னென்ன தப்பாகச் சொல்கிறாள்? ஒன்றுவிடாமல் எழுது. போட்டோவை மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டேன். முகம் பார்க்காமல் எனக்கு வரையக் கை ஓடாது, உனக்குத் தெரியாததா. அவளுக்கு ஒரு பரிசு தயாராகிறது. இப்போது கேட்காதே.

உன் சின்னவள்

பிப்ரவரி 20

சின்னவளே,

உன் புத்தகம் நீ அனுப்புவதற்கு முன்பே பள்ளி நூலகத்துக்கு வந்துவிட்டது. டீச்சர் பாவம், ஒன்றும் தெரியாமல் வகுப்பில் பக்கம் பக்கமாகக் காட்டிப் படித்திருக்கிறார். குழப்பும் ஆங்கிலச் சொற்களை அழகாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தப்பாகப் படிக்கிற அந்தப் பாப்பா என் மகள். அதே ஓட்டைப் பல், அதே கோணல் வகிடு. நெற்றித் தழும்பைக்கூட நீ விடவில்லை. பதினோரு தப்பும் நீ கேட்டாய் என்று நான் கடிதம் கடிதமாக உனக்கு எழுதியவை.

மூன்றாம் பக்கத்திலேயே வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்ததாம். இப்போது அவள் பெயர் கினைஃப். "உங்கப்பா இன்னைக்கு நீச்சலடிச்சா ஆபீஸ் போனாரு?" என்று கேட்கிறார்களாம். இதெல்லாம் பள்ளி ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வாயே திறக்கவில்லை.

அக்கா

மார்ச் 6

அக்கா,

ஆசையாகத்தானே செய்தேன். முதல் பக்கத்தில் 'என் வாலுவுக்கு' என்று போட்டிருக்கிறேனே, பார்க்கவில்லையா? பிள்ளைகள் நாலு நாள் கேலி செய்யும், மறந்துவிடும். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் தெரியுமா? மறுபதிப்பில் தழும்பை எடுத்துவிடுகிறேன். இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். வாலு புதிதாக ஏதாவது சொன்னாளா? அவளையே எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

உன் சின்னவள்

மார்ச் 15

சின்னவளே,

எழுதச் சொன்னேன். அவள் பென்சிலைத் தொடவில்லை. "இதையெல்லாம் நீதானேம்மா சித்திகிட்ட சொன்னே?" என்று கேட்டாள். அழக்கூட இல்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் பயத்தைச் சிரிப்பாக்கி உனக்கு அனுப்பியவள் நான். நீ அதை அச்சில் ஏற்றினாய், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போதெல்லாம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டு என்னிடம் வருவதில்லை. புதிதாக என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். என்னிடம் அவள் எதுவுமே சொல்வதில்லை.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. இரண்டாம் பாகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த போட்டோவையும் கழற்றிவிட்டேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வாலு எப்படி இருக்கிறாள், வகுப்பில் படிக்கிறாளா, அதை மட்டும் எழுது.

உன் சின்னவள்

மே 18

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இரண்டு நாட்களாக மழை. போன வாரம் வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்தோம்.

இப்படிக்கு,
அக்கா