சீனக் கோயிலில் தொங்கிய சட்டை

சிதம்பரம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு மலர்க்கொடி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அம்மாவும் நலம். எதிர்வீட்டுச் சுவேதா பள்ளிக்கூடம் விட்டால் நேரே இங்கேதான் வருகிறாள். நீங்கள் பினாங்கில் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் வேறு.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறும் ராஜ்கமல் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டித்தான் கொடுப்பேன்.

வெல்டிங் வேலை முடிந்த கையோடு ஒரு சீனக் கோயிலில் பெருக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது சந்தோஷப்பட்டவள் நான். கப்பலேறி வந்த சீனர்கள் தங்கள் ஊர்க் கோயிலின் ஊதுவத்திச் சாம்பலைப் பையில் முடிந்து கொண்டுவந்து, ஒரு சட்டியில் போட்டு, அதைச் சுற்றியே கோயிலை எழுப்பினார்கள் என்றீர்கள். பிறை மாதிரி இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டு, ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி சரி என்கிறது என்றீர்கள். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதுதானே என்று நானும் வாய் பிளந்து கேட்டேன். இவ்வளவு சொன்ன வாய், ஆவணி வந்தால் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

ஒரு வருடமாவது ஆவணியில் லீவு போட்டீர்களா? காடாம்புலியூரில் என் தங்கை வெண்மதி கல்யாணத்தில் புருஷன் பக்கத்தில் இல்லாமல் நின்றேன். கேட்டால், கோயிலில் ஒரு மாதம் விசேஷம், விடமாட்டார்கள். பெருக்குகிற ஆள் இல்லையென்று சாமி கோபித்துக்கொண்டு சீனாவுக்கே போய்விடுமா?

போன ஆவணியில் வீடியோவில் பேசும்போது உங்கள் பின்னால் ஆணியில் ஒரு சின்னக் கவுன் தொங்கியது. நான் கேட்பதற்குள் போனைத் திருப்பினீர்கள். இந்தத் திங்கட்கிழமை கோயில் போட்டோ ஒன்று அனுப்பி, ஐந்தே நிமிடத்தில் அழித்தீர்கள். அதற்குள் நான் எடுத்து வைத்துவிட்டேன். மூலையில் ரோஸ் கலர் கவுன். போன வருடத்தைவிட நாலு விரற்கடை பெரியது. அதன்மேல் உங்கள் கோழிக் கிறுக்கலில் ‘மதுரா’ என்று எழுதியிருக்கிறது.

அந்தப் பெயர் உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒன்பதாம் நாளே போய்விட்ட நம் பிள்ளைக்கு, பெயர் சூட்டும் நாளைக்கூடப் பார்க்காதவளுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் காதோடு காதாக நாம் வைத்த பெயர். அவளைப் புதைத்துவிட்டு வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் நீங்கள். மூன்றாம் மாதம் விமானம் ஏறினீர்கள். அந்தப் பெயரை எவள் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தீர்கள், மாமா? இரண்டு வீடு வைத்திருந்தால்கூடப் பொறுத்துப்போவேனோ என்னவோ, இதைப் பொறுக்க மாட்டேன்.

சனிக்கிழமை.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. என் புத்தி எப்படியெல்லாம் போனது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, உங்கள் அம்மா முகத்துக்கு நேரே நீட்டுவது என்று நேற்றுக் கிளம்பினேன். சிதம்பரத்தில் போட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். கடலூருக்குப் பஸ் ஏறி, மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் லூர்துசாமி இருபது வருடம் பினாங்கில் இருந்தவராம். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “இது துணி இல்லம்மா, காயிதம்” என்றார். சீனர்களுக்கு இந்த ஆவணி, செத்தவர்கள் திரும்பி வருகிற மாதமாம். அவர்களுக்குத் துணி, செருப்பு, வீடு எல்லாம் காகிதத்தில் செய்து, பெயர் எழுதி, மாதக் கடைசியில் கொளுத்துவார்களாம். சின்னதிலேயே போன பிள்ளைகள் அங்கேயும் வளரும் என்று சிலர் வருடத்துக்கு வருடம் அளவைக் கூட்டுவார்களாம். “ஒங்க வூட்ல யாரும்மா?” என்று கேட்டார். பிரிண்டை வாங்காமலே வந்துவிட்டேன்.

பச்சைப் பிள்ளைக்குத் திதி கிடையாது, இனி பேச்சே எடுக்கக் கூடாது என்று அத்தை சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். நீங்கள் அழவில்லை என்று ஆறு வருடமாக மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. கோபமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. என்னை விட்டுவிட்டு அவளுக்கு எப்படிச் சட்டை எடுப்பீர்கள்?

அதுவும் அளவு தப்பு. சுவேதா நம் பிள்ளை பிறந்த அதே வாரம் பிறந்தவள். வருடா வருடம் தலை பின்னிவிடுகிற சாக்கில் அவளை நிற்கவைத்து, தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரு நூலால் அளந்து எடுத்து வைக்கிறேன். யாருக்கும் தெரியாது. இந்த வருடத்து நூல் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது.

கவுன் வேண்டாம். காகிதத்தில் பாவாடை சட்டை செய்வார்களா என்று கேளுங்கள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பெயருக்குக் கீழே, அம்மாவும் கொடுத்தாள் என்று எழுதுங்கள். கொளுத்தும்போது நெருப்புக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள்.

நூல் மெல்லியது. உறையை மெதுவாகப் பிரியுங்கள், மாமா.

உங்கள்
மலர்க்கொடி